பின்சக்கரத்துக்கு நான் செய்த இரும்புப் பட்டை

ஆறு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பத்து என்று ஏன் மாற்றினேன்?

அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. மகளின் படம் வரையும் நோட்டிலிருந்து கிழித்தது. ஒரு பக்கம் அவள் ஆரஞ்சு க்ரேயானில் போட்ட யானை. மறுபக்கம் என் பைக்கின் பின்சக்கரத்துக்கு வேண்டிய ஓர் இரும்புப் பட்டையின் படம். நீளம், அகலம், இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் எல்லாம் வெர்னியர் அளவுகோலில் மூன்று முறை அளந்து எழுதியவை. கனம் என்ற இடத்தில் மட்டும் 6 மி.மீ. என்பதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் 10. தில்லி மாயாபுரியில் ஒரு லேத் பட்டறையில் நின்றபடியே மாற்றியது. ஆறு என்பது வீட்டில் கணக்குப் போட்டு வந்த எண். பத்துக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

கல்யாணத்துக்கு முன் நான் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். மெக்கானிக்கல் படிப்பு. யாரோ செய்து அனுப்பும் பாகங்களை அளந்து, சரி என்றால் பச்சைச் சீட்டு, இல்லை என்றால் சிவப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை. அந்த வேலையில் இருக்கும்போது வாங்கியதுதான் இந்த பைக். கணவருக்கு தில்லியில் பொதுத்துறை நிறுவனத்தில் வேலை என்பதால் நானும் வந்தேன், வண்டியும் ரயிலில் வந்தது. ஜனக்புரியில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. மகள் வயிற்றில் இருந்தபோது வண்டியைக் கீழே மாடிப்படிக்கு அடியில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினேன். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் எடுக்கலாம் என்றிருந்தேன். நாலரை வருஷம் ஆகிவிட்டது.

திரும்ப எடுக்கவைத்தது மகளின் பள்ளி வேன். ஒருநாள் நான் வாசலில் சற்று முன்னதாகவே போய் நின்றேன். வேன் திரும்பி வந்தது. கதவோரத்தில், பாதி இருக்கையில், மடியில் தன் பையும் வேறொரு பிள்ளையின் பையும் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கதவின் தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு கயிறு. அன்றைக்கே முடிவு செய்தேன். எனக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கிறது, வண்டி இருக்கிறது.

கணவர் அப்போது வேறு மாநிலத்தில் ஒரு கட்டுமானத் தளத்தில் இருந்தார், இப்போதும் அங்கேதான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். போனில் சொன்னபோது சிரித்தார்.

"அதுக்கு ஒரு ஸ்கூட்டி எடுத்துக்க வேண்டியதுதானே? அந்த வண்டி இன்னும் மூணு வருஷம்தான் தில்லில ஓடலாம். பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னா ரோட்ல விடமாட்டாங்க. தெரியுமல்ல?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா?"

"மூணு வருஷம்னா அவ ரெண்டாங்கிளாஸ் முடிச்சிருவா. அது போதுமுங்க."

பிறகு, "கை பத்திரம்" என்று மட்டும் சொன்னார்.

மகள் மதியம் தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் எனக்குக் கிடைத்த நேரம். போனைப் படிக்கட்டில் வைத்து, மேலே அவள் அறையில் இருக்கும் கேமராவைத் திறந்துவைத்துக்கொள்வேன். அவள் புரண்டால் ஓட வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். டேங்கின் துருவை எடுத்தேன். கேபிள்கள், டயர்கள், பேட்டரி எல்லாம் கரோல் பாக்கில் கிடைத்தன. பின்சக்கரத்தைக் கழற்றியபோதுதான் நின்றுவிட்டேன். நாலு மழைக்காலம் படிக்கட்டடியில் தண்ணீர் தேங்கியதில் சக்கரத்தின் நடுவில் இருக்கும் பிரேக் டிரம் உள்ளே புழு அரித்தது போல் ஆகியிருந்தது. ஓரத்தில் மயிரிழை விரிசல் வேறு. அந்த மாடலை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. கடை கடையாகக் கேட்டும் அந்தச் சக்கரம் இல்லை.

வேறொரு மாடலின் சக்கரம் ஏறக்குறையப் பொருந்தியது. ஆனால் அதன் நடுப்பகுதி ஒல்லி. ஆகவே ஆக்ஸில் என்ற அச்சின் இரு பக்கமும் இடத்தை நிரப்ப, புஷ் எனப்படும் இரண்டு உலோக வளையங்கள் வேண்டும். பிரேக் தட்டைப் பிடிக்கும் இடமும் மாறிவிட்டதால் அதற்கு ஒரு புதிய பட்டை வேண்டும். மூன்றும் எந்தக் கடையிலும் கிடைக்காது, செய்துதான் ஆக வேண்டும்.

அந்தப் பட்டை என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரேக்கை மிதித்தால் டிரம்முக்குள் இருக்கும் ஷூக்கள் என்ற இரு வளைந்த கட்டைகள் சுழலும் சக்கரத்தைப் பிடிக்கும். சக்கரம் அவற்றையும் தன்னோடு சுழற்றிக்கொண்டு போகப் பார்க்கும். ஷூக்கள் இருக்கும் தட்டை அப்படிப் போகவிடாமல் வண்டியின் சட்டத்தோடு பிடித்துவைப்பது இந்தப் பட்டைதான். ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிக நீளம், இரண்டு முனையிலும் ஒவ்வொரு துளை, ஒவ்வொரு போல்ட். அது கழன்றால் தட்டும் சக்கரத்தோடு சுழன்று பிரேக் கம்பியைத் தானே இழுத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

மாயாபுரிப் பட்டறைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். படம் என்றால் அவருக்குப் பிடிக்காது. தாளை நீட்டியதும் பார்க்காமலே கை நீட்டினார்.

"காகஜ் நஹீ, மேடம்ஜி. நமூனா தோ."

தாள் வேண்டாம், மாதிரி கொடு என்கிறார். இந்தப் பாகம் உலகத்தில் இன்னும் பிறக்கவே இல்லை, மாதிரிக்கு எங்கே போவது என்றேன். "அப்படின்னா நீங்கதான் பெத்துட்டு வரணும்" என்று இந்தியில் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். மறுநாள் கார்ன்ஃபிளேக்ஸ் அட்டையில் அளவு மாறாமல் வெட்டி எடுத்துப் போனேன். அட்டையைக் கையில் வாங்கிய பிறகுதான் படத்தையும் பார்த்தார்.

புஷ் இரண்டையும் அன்றே கடைந்து கொடுத்தார். வெர்னியரில் அளந்து பார்த்தேன். கம்பெனியில் இருந்திருந்தால் பச்சைச் சீட்டு. அடுத்து, பட்டைக்கான இரும்பை எடுத்து என் முன்னால் காட்டினார். ஆறு மில்லிமீட்டர். தாளில் அது சரியாகத்தான் இருந்தது. கையில் பார்த்தபோது கரண்டிக் காம்பு போல் தெரிந்தது. பக்கத்தில் அடுக்கியிருந்தவற்றில் இன்னொன்றைக் காட்டி அது என்ன என்று கேட்டேன்.

"தஸ்." பத்து.

பேனாவை வாங்கி ஆறை அடித்தேன்.

"ட்ரக் பனா ரஹே ஹோ க்யா?" என்றார். ட்ரக்கா செய்கிறீர்கள்?

"பச்சி பைட்டேகி." குழந்தை உட்காரப் போகிறாள் என்றேன்.

"அச்சா? தோ பாரா கர் தூன்?" அப்படியென்றால் பன்னிரண்டாகவே போட்டுவிடட்டுமா என்று கேட்டார். கிண்டல்தான். ஆனால் நான் ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டினேன். மகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்தாள். கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று. முன்பக்கத்து போல்ட் சரியாக இறுகியது. பின்பக்கத்தில், பிரேக் தட்டோடு சேரும் போல்ட்டில்தான் இடறியது. அந்த போல்ட்டின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. நட்டை இறுக்கிய பிறகு அதன் வழியே ஸ்பிலிட் பின் என்ற வளைகம்பியைச் செருகி மடக்கிவிட வேண்டும். நட்டு தளர்ந்தாலும் கழன்று விழாது. அந்த போல்ட் ஆறு மில்லிமீட்டர் பட்டைக்கு அளவானது. நான் பத்து போட்டதால் நட்டு போல்ட்டின் நுனியோடு முடிந்துவிட்டது. துளை நட்டுக்குள்ளே போய்விட்டது. பின்னைச் செருக வழியில்லை. மரை இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டும் என்று நட்டைத் தளராமல் பிடிக்கும் ஸ்பிரிங் வாஷரையும் எடுத்துவிட்டேன். பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன்.

ஆறு வருஷம் பிறர் செய்ததைப் பார்த்துச் சிவப்புச் சீட்டு ஒட்டியவள் நான். இதைப் பார்த்தேன், இதுவும் சிவப்புதான் என்று தெரிந்தது. திங்கட்கிழமை நீளமான போல்ட் வாங்கிவிடலாம், இன்றைக்குப் பூங்காவைச் சுற்றி ஒரே ஒரு ரவுண்ட்தானே என்று நினைத்தேன்.

"அம்மா, ஜல்தி! ஜல்தி கரோ!" என்று மகள் அவசரப்படுத்தியபடி குதித்துக்கொண்டிருந்தாள்.

அவளைத் தூக்கிப் பின் இருக்கையில் உட்காரவைத்தும் விட்டேன். குட்டி ஹெல்மெட்டையும் மாட்டினேன். என்னோடு அவளைச் சேர்த்துக் கட்டும் பட்டியை எடுக்கும்போது அவள் தன் காலைப் பார்த்தாள். செருப்பு.

"ஸ்கூல் ஷூ போடணும்."

"இது ஸ்கூல் இல்ல கண்ணு. சும்மா பார்க் வரைக்கும்."

"நஹீ! ஸ்கூல் ஷூ!"

அடம். கீழ்வீட்டு ஆன்ட்டி சத்தம் கேட்டு வெளியே வந்தார். பஞ்சாபிக்காரர், என் மகளுக்குப் பாதி இந்தி கற்றுக் கொடுத்தவர். "சல் பேட்டா, ஷூ பெஹன்தே ஹைன்" என்று ஷூ மாட்டிவிட அவளைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். அவர்கள் வருவதற்குள் ஒரு சுற்று போய்வரலாம் என்று நான் கிளம்பினேன். நாலரை வருஷத்துக்குப் பிறகு அந்த வண்டியின் சத்தம். பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். தனியாகச் சோதித்துப் பார்க்கலாம் என்ற முன்யோசனை எல்லாம் இல்லை. இதை நான் மாற்றிச் சொல்லக் கூடாது.

பூங்காவைச் சுற்றி வந்தேன். ஓரிடத்தில் பின்னால் ஏதோ தரையில் விழுந்தது போல ஒரு சின்ன ஒலி. காதில் விழுந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. எங்கள் வாசலுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி பக்கவாட்டில் வழுக்கி, நான் இடது முழங்காலில் விழுந்தேன். வேகம் அதிகமில்லை. சல்வார் கிழிந்தது, முட்டியில் தோல் போயிற்று. நட்டைக் காணோம், பட்டை போல்ட்டிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு காலில் மட்டும் ஷூவோடு மகள் படியில் நின்றாள்.

"அம்மா, நீ ஏன் கிர் கயீ?"

ஏன் விழுந்தாய் என்கிறாள். எழுந்து வண்டியை நிமிர்த்தினேன். ஆன்ட்டி மஞ்சளும் பஞ்சும் எடுத்து வந்தார். நான் வண்டி இருக்கையின் பின்பாதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தில் தடிமனாக்கினேன், தடிமனாக்கியதால்தான் கழன்றது. மெல்லிய பட்டை போட்டிருந்தால் ஸ்பிலிட் பின் ஏறியிருக்கும்.

அன்று கணவரிடம் மணலில் சறுக்கிவிட்டது என்று சொன்னேன். மறுநாள் காலை போனை எடுத்தேன். திரும்பக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஷூ விஷயத்தையும் சொன்னேன்.

"வித்துரலாம்" என்றார்.

"வாங்கறவங்க வீட்லயும் புள்ள இருக்குமல்லங்க?"

"அப்ப பழைய இரும்பு எடுக்கற கபாடிக்காரனுக்குப் போட்டுரு. இரும்பு விலைக்கு."

"தப்பு வண்டி மேல இல்லீங்க. ஸ்பிலிட் பின் போகலைன்னு தெரிஞ்சே ஓட்டுனேன். வேற வண்டி வாங்குனாலும் நான் இதே ஆளுதான். இதை நான் ஒழுங்கா பண்ணோணும்."

"பண்ணு. ஆனா நான் வர்ற வரைக்கும் பாப்பாவ ஏத்தாதே."

"ஏத்த மாட்டனுங்க."

அடுத்த பட்டையை நானே செய்வது என்று தீர்மானித்தேன். பட்டறையில் ஆறு மில்லிமீட்டர் இரும்பை மட்டும் துண்டாக வாங்கினேன். பட்டறைக்காரர் என் முட்டிக் கட்டைப் பார்த்துவிட்டு, "ட்ரக் பலட் கயா?" என்றார். ட்ரக் கவிழ்ந்துவிட்டதா? ஆமாம் என்றேன். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் கிண்டலை நிறுத்திக்கொண்டார். பழைய பட்டையையும் போல்ட்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நட்டு விட்ட இடத்தில் மரை தேய்ந்திருந்தது. திருப்பிக் கொடுத்தார்.

பால்கனியில் ஒரு பழைய மேஜையில் வைஸ் என்ற இரும்புப் பிடியைப் பூட்டி, ஹேக்சா பிளேடால் அறுத்தேன். நான்கு மதியங்கள் ஆயின. ஓரங்களை அரத்தால் ராவினேன். துளைகளை வாடகைக்கு எடுத்த டிரில்லில் போட்டேன். முதலில் சின்ன பிட், பிறகு பெரிய பிட், ஒவ்வொரு துளைக்கும் எண்ணெய். கீழிருந்து ஆன்ட்டி கத்தினார்.

"பேட்டி, க்யா தோட் ரஹீ ஹோ?" எதை உடைக்கிறாய்?

"தோட் நஹீ ரஹீ ஆன்ட்டிஜி, பனா ரஹீ ஹூன்!" உடைக்கவில்லை, செய்கிறேன் என்று நானும் கத்தினேன். அந்த மாதத்தில் நான் உரக்கப் பேசிய ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

முதலில் செய்ததில் ஒரு துளை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிற்று. ஏறும், ஆனால் ஆடும். ஒரு இரவு யோசித்துவிட்டு அதை ஒதுக்கி மறுபடி முதலிலிருந்து அறுத்தேன். இரண்டாவது சரியாக வந்தது. போல்ட் புதிது, நட்டு புதிது. ஸ்பிரிங் வாஷர் போட்டு, இறுக்கி, ஸ்பிலிட் பின்னைச் செருகி இரண்டு காலையும் மடக்கினேன். கடைசியில் நட்டிலிருந்து போல்ட் வரை என் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தேன். நட்டு ஒரு நூல் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கம்பெனியில் இதற்குத் தனிப் பெயின்ட் வைத்திருப்போம்.

மகளின் எடை பதினாலு கிலோ. பத்து கிலோ கோதுமை ஆட்டா மூட்டையோடு நாலு கிலோ பருப்பையும் ஒரு பையில் போட்டு, அவளுக்கு வாங்கிய அதே பட்டியால் என் முதுகோடு கட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கடைகள் திறக்குமுன், பள்ளிவரைக்கும் போகும் சாலையில் ஐம்பது முறை வேகமெடுத்து ஐம்பது முறை பிரேக் போட்டேன். பத்துக்கு ஒரு தடவை இறங்கிக் குனிந்து அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். நடைக்கு வந்த இரண்டு பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். முதுகில் ஆட்டா மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் வண்டியை ஓட்டுவதும் நிறுத்துவதும் குனிவதுமாக இருந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? கோடு உடையவில்லை.

அதன்பிறகு மூன்று வாரம் காய்கறிக்கு, மருந்துக்கு, வங்கிக்கு என்று எல்லாவற்றுக்கும் அதில்தான் போனேன். முன்னூறு கிலோமீட்டர் ஆகிவிட்டது. மழையில் ஓட்டினேன். மேம்பாலத்தின் இறக்கத்தில் வேண்டுமென்றே அழுத்தி மிதித்தேன். தினமும் கிளம்பும் முன்னும் வந்த பின்னும் கோட்டைப் பார்க்கிறேன். கணவர் வந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினார். திரும்பி வந்து பட்டையைக் கையால் பிடித்து ஆட்டினார்.

"நல்லாத்தான் இருக்குது."

"ஏத்தலாமுங்களா?"

"நீ என்ன சொல்றே?"

"நான் உங்களத்தான் கேக்கறேன்."

"பண்ணுனது நீ. நீதான் சொல்லோணும்."

கட்டுமானத் தளத்துக்கு ரயிலேறும்போதும் அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள்தான் சொல்கிறாள், நாள் தவறாமல்.

"ஆட்டாவ மட்டும் கூட்டிட்டுப் போறே. என்னைக் கூட்டிட்டுப் போ மாட்டே. ஆட்டா உன் பேட்டியா?" ஆட்டாதான் உன் மகளா என்கிறாள்.

கம்பெனியில் எனக்கு இரண்டு சீட்டுகள்தான் இருந்தன. மூன்றாவது நிறம் கிடையாது. அளவு சரி என்றால் ஒட்டி அனுப்பிவிட்டு அடுத்த பாகத்தை எடுப்பேன். அதில் யார் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியாது. இதில் யார் உட்காருவாள் என்று தெரிகிறது. சோதித்ததில் ஒரு குறையும் இல்லை, என்றாலும் என் கை பச்சைச் சீட்டுக்குப் போக மறுக்கிறது. கயிறு கட்டிய கதவுள்ள வேனில் அவளை ஏற்றிவிட அந்தக் கைக்குத் தயக்கம் இருந்ததில்லை என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஏற்றத்தான் போகிறேன். அது முடிவாகிவிட்டது. கோடை விடுமுறை முடிந்து ஜூலையில் பள்ளி திறக்கிறது, வேன்காரரிடம் இனி வேண்டாம் என்று சொல்லியாயிற்று. எனக்குத் தெரியாதது எத்தனை கிலோமீட்டர் போதும் என்பதுதான். முன்னூறா, ஐநூறா, ஆயிரமா? வேண்டாம் என்று சொல்ல நானே போதும், அதற்கு வேறு ஆள் வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிப்பவர்களில், தன் கையால் செய்த அல்லது சரிசெய்த ஒன்றில், வண்டியோ ஊஞ்சலோ கட்டிலோ எதுவானாலும், தன் குழந்தையை முதல்முறை ஏற்றியவர்கள் இருப்பீர்கள். அன்றைக்கு எதைப் பார்த்து, எதைச் சோதித்து, இது போதும் என்று முடிவு செய்தீர்கள்? நான் பார்க்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா? பள்ளி திறப்பதற்குள் எழுதுங்கள்.